பூக்குழிக் கயிற்றுக்கு வெளியே

தென்னாப்பிரிக்காவில் ஆட்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம். டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மாரியம்மன் கோயில். அங்கே பூக்குழி இறங்குகிறவர்களுக்கு மஞ்சள் காப்புக் கட்டி, தானே முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவர் செங்கேணியம்மாள். அவருடைய சீடர்களில் தைரியசாலி என்று பெயரெடுத்தவன் தாண்டவராயன். சர்க்கரை ஆலையில் வேலை, வயது நாற்பது. அவன் நெருப்பில் நடப்பதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பூமிதி முடிந்த மறுநாள் காலை அந்தத் தைரியசாலி உதறலோடு கோயிலுக்கு ஓடி வந்தான்.

"அம்மா, பெக்கியைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

பெக்கி ஜூலு இனத்தவன். ஆலையில் இருவரும் ஒரே கொப்பரையில் பாகு காய்ச்சுகிறவர்கள். தாண்டவராயனின் பிள்ளைகளுக்கு அவன் பெக்கி மாமா. ஆனால் அவனைப் போன்ற கறுப்பர்கள் கையில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே நடமாடக் கூடாது என்பது சட்டம்.

"பாஸ் எங்க?"

"இங்கதான், அவன் கோட்டுப் பையில. ராத்திரி கோட்டைக் கழட்டி வேலியில மாட்டிட்டு நமக்கு நெருப்புக் கிளறினான். மறந்துட்டான்."

கோட்டு வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"பிடிச்சப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான். ரயிலுக்கு நின்னோம். 'இவர் என் சிநேகிதர், இவரைக் கேளுங்க'ன்னு என்னைக் காட்டினான். இவனைத் தெரியுமான்னு போலீஸ்காரன் என்னைக் கேட்டான்."

"என்ன சொன்ன?"



"தெரியாதுன்னுட்டேன்."

அம்மாள் வேலியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கோட்டை எடுத்துட்டுப் போய் உண்மையைச் சொல்லணும்மா. பொய் சொன்னதுக்கு என்னையும் உள்ள வைப்பாங்க. கால் நகர மாட்டேங்குது. நேத்து நெருப்புல நடந்த தைரியம் எங்க போச்சு? திருநீறு பூசிவிடுங்க. இன்னொரு காப்புக் கட்டுங்க."

"நேத்து நீ நடந்தப்ப பெக்கி எங்க நின்னான்?"

"கயித்துக்கு வெளியே. உள்ள நம்ம ஆளுங்க மட்டும்தானே."

"எங்க சாப்பிட்டான்?"

"பின்பக்கம். தனியா இலை போட்டாங்க." அவனுக்குச் சுருக்கென்றது. "அது கோயில் வழக்கம். நீங்களும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா. பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

அம்மாள் தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்தார். அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருந்த காப்பை அறுத்துப் போட்டார். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இதை மூணாம் நாள்தானே அவிழ்க்கணும்?"

"இதைக் கட்டிக்கிட்டா முன்னால நான் நடப்பேன். மேளம் அடிப்பாங்க. ஊரே கும்பிடும். நீ இப்பப் போற இடத்துல அதெல்லாம் கிடையாது."

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். பிறகு வேலியில் இருந்த கோட்டை எடுத்தான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"நான் போய்ச் சொன்னா, அவன் என்னை மன்னிச்சிடுவானாம்மா?"

"மன்னிக்க மாட்டான். போ."