மடியில் வைக்காத மாமன்கள்

மூளை இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்காத வரைக்கும் எல்லாருக்கும் அது இருப்பதாகத்தான் கணக்கு. கொடுக்கூர் ஆண்டியப்பன், கொம்பையா, வைரவன் என்கிற அண்ணன் தம்பி மூவரும் அந்தக் கணக்கில்தான் இத்தனை காலமும் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்து வந்தார்கள்.

இவர்களுக்கு ஒரே தங்கை, ஆவுடை. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. கைக்குழந்தை செண்பகத்துக்குச் சாஸ்தா கோயிலில் வைத்துக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவதுதான் வழக்கம். ஒன்றுக்கு மூன்று மாமன் இருந்ததால் ஆவுடை ஒரு வாரமாகவே சாஸ்தாவை வேண்டிக்கொண்டிருந்தாள்.

கொம்பையாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. எல்லாரும் அதில் போவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து போலீஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தது.

"காரில் போகும் குழந்தைகளுக்கான விதி மாறியிருக்கிறது. இதுவரை வயதைப் பார்த்தோம். இனி உயரத்தைப் பார்ப்போம். நாலரை அடிக்குக் குறைந்த குழந்தையைத் தனி இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டும். கைக்குழந்தையின் முகம் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். குழந்தையை யாரும் மடியில் வைக்கக் கூடாது."

ஜீப் போய்விட்டது. புழுதி அடங்குவதற்குள் அண்ணன் தம்பிகள் ஆலோசனையில் இறங்கிவிட்டார்கள்.

"முதல்ல பிள்ளையோட உயரத்தை அளக்கணும்" என்றார் ஆண்டியப்பன்.

வைரவன் டேப் எடுத்து வந்து, பாயில் கிடந்த செண்பகத்தைத் தலையிலிருந்து கால் வரை அளந்தான். கொம்பையா ஒத்துக்கொள்ளவில்லை.

"படுத்திருக்கும்போது அளந்தா அது நீளம்லே. உயரம்னா நிக்கணும்."

"அது இன்னும் நிக்காதே."

"அப்போ அதுக்கு உயரமே கிடையாது. நீளம் மட்டும்தான்."

இது ஆண்டியப்பனுக்குக் கவலையாகிவிட்டது. உயரமே இல்லாத பிள்ளை விதிக்குள் வருமா வராதா என்று நெடுநேரம் யோசித்தார். கடைசியில் வைரவன்தான் வழி கண்டுபிடித்தான். பிள்ளையைத் தூக்கி அலமாரி மேல் உட்கார வைத்துத் தரையிலிருந்து அளந்தால் ஆறடிக்கு மேல் வருகிறது, அப்புறம் எந்த இருக்கையும் வேண்டாம் என்றான். மூவருக்கும் பெரிய நிம்மதி.

சமையலறையிலிருந்து வந்த ஆவுடை அலமாரி மேலிருந்து பிள்ளையை இறக்கினாள். "ஒழுங்கா டவுனுக்குப் போயி குழந்தை சீட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

சீட் வந்தது. காது குத்துகிற அன்று காலையில் மூவரும் சேர்ந்து அதைக் காரின் பின்சீட்டில் மாட்டினார்கள். மாட்டி முடித்தபோது மூன்று பேரும் வியர்த்து ஒழுகினார்கள். சீட் முன்பக்கம் பார்த்து இருந்தது. பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை.

"பிள்ளை பின்னால பாக்கணுமே அண்ணே" என்றான் வைரவன்.

"பின்னாலன்னா எது? வண்டி போற திசைக்கு எதிர்த் திசை" என்றார் ஆண்டியப்பன். "சீட்டைத் திருப்ப முடியலைன்னா என்ன, வண்டி போற திசையைத் திருப்பு."

இப்படித்தான் அந்தக் கார் கொடுக்கூரிலிருந்து சாஸ்தா கோயிலுக்கு ரிவர்ஸ் கியரில் புறப்பட்டது. கொம்பையா கழுத்தை ஒடித்துத் திருப்பியபடி ஓட்டினான். எதிரே வந்த பேருந்துகள் வயலுக்குள் இறங்கின. ஆவுடை பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் காது குத்துகிற நேரம் தவறிவிடும் என்று அண்ணன்மார் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"வண்டி ஏன் பின்னால வருது?"

"வண்டி சரியாத்தான் போகுது சார். மூஞ்சிதான் பின்னால இருக்கு" என்றார் ஆண்டியப்பன். "பிள்ளை பின்னால பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொன்னார். மூவரும் ஊதினார்கள். குடித்திருந்தால்கூட மன்னித்திருப்பார் போலிருக்கிறது. ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தி, பெல்ட்டைக் கழற்றி, சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

இதற்குள் ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த பேருந்தில் ஏறிவிட்டாள். அண்ணன்மார் காலி சீட்டுக்கு அக்கறையாகப் பெல்ட் போட்டு, மெதுவாக வந்து சேர்ந்தார்கள்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். ஆவுடை பிள்ளையைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டி வைத்திருந்தாள். நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை.

"அண்ணே, உட்காருங்க. மடியில வைக்கேன்."

ஆண்டியப்பன் பின்வாங்கினார். "மடியில வைக்கக் கூடாதுன்னு சட்டம் தாயி."

"அது ஓடுற கார்ல அண்ணே. இது கோயில்."

"கோயில்னா சட்டம் கிடையாதா?"

ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பலில் இருக்கிற மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அவளுக்கு நினைப்பு. தங்கை அழுவதைப் பார்த்து அண்ணன்மாருக்கும் மனசு தாங்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் யோசித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாமன் மடியில சீட்டை வைப்போம். சீட்டுல பிள்ளையை வைப்போம்" என்றான் கொம்பையா. "சாமிக்கும் குறை இல்லை, சர்க்காருக்கும் குறை இல்லை."

ஆண்டியப்பன் காரின் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். மடியில் சீட்டை வைத்துப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தபோது வைரவனுக்குச் சந்தேகம் வந்தது.

"கார் நின்னுட்டு இருந்தா அது கார் சீட்டா, வெறும் நாற்காலியா?"

கொம்பையா உடனே முன்னால் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டான். வைரவன் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வண்டி கோயிலை மெதுவாகச் சுற்றிவரும், ஆசாரி கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகக் குத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஆசாரி மறுக்கவில்லை. அவரும் கொடுக்கூர்க்காரர்தான்.

ஆண்டியப்பனுக்கு ரத்தம் என்றால் ஆகாது. துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் கட்டி முடிப்பதற்குள் ஆவுடை பிள்ளையைச் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் வேறொரு குடும்பம் காது குத்திக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த மனுஷரிடம், "அண்ணே, என் பிள்ளைக்கும் கொஞ்சம் மடி குடுங்க" என்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டு ஆசாரி இரண்டு காதிலும் குத்திக் கம்மலும் போட்டுவிட்டார். செண்பகம் ஒரு மூச்சு அழுதுவிட்டு வாழைப்பழம் தின்றாள்.

அந்தப் பக்கம் கார் ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்கூர் ஆசாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் தொங்கியது. ஜன்னலில் ஒரு காது தெரிந்தது. குத்தினார். ஆண்டியப்பன் அலறினார். அலறல் கேட்டதும் கோயிலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

துண்டை அவிழ்த்துப் பார்த்தால் மடியில் பிள்ளை இல்லை. ஆண்டியப்பனின் இடது காதில் தங்கக் கம்பி. அவர் கோபப்படவில்லை. காரியம் என்று ஒன்றைத் தொடங்கினால் பாதியில் விடக் கூடாது என்பது அவர் கொள்கை.

"ஒத்தைக் காதோட ஊருக்குப் போனா சிரிப்பாங்க" என்றார். "வலது காதையும் குத்திரலாம். வண்டியை எதிர்ப்பக்கமா சுத்து."

வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள். ஆசாரி அதே ஜன்னலோரம் ஓடினார். இன்னொரு குத்து, இன்னொரு குலவை. துண்டை அவிழ்த்துப் பார்த்தால் அதுவும் இடது காதாகவே இருந்தது.

ஆவுடை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்ப் பேருந்தில் உட்கார்ந்தபோதும் கார் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டியப்பனின் இடது காதில் குத்த இனி இடமில்லை.

"அண்ணே, வலது காது இன்னும் வரலையே" என்றான் வைரவன்.

"வரும்லே. சுத்திக்கிட்டேதானே இருக்கோம், வராம எங்க போயிரும்?"