கத்திரி வெயிலில் பெட்டூனியா

கத்திரி வெயிலிலும் பெட்டூனியா பூத்துக் குலுங்கும் என்று வேலூரில் வாக்குக் கொடுத்த ஒரே ஆள் நர்சரி தணிகைவேல்தான். அந்தப் பெருமைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. குளிருக்குப் பழகிய நாற்றுகளை ஓசூரிலிருந்து கொண்டுவந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பாத்தி கட்டி நட்டார். இப்போது அந்தப் பாத்தி, சந்தை முடிந்தபின் விற்காமல் கிடக்கும் கீரைக்கட்டு மாதிரி இருந்தது. மறுநாள் காலை தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். பூ இல்லாவிட்டால் தோட்ட வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹேமலதா சொல்லியிருந்தார்.

தணிகைவேல் பாத்தியைப் பார்த்தார். அதனிடம் காட்ட எதுவும் இல்லை. வாயைத்தான் நம்ப வேண்டும்.

"பூ எங்கே?" என்றார் ஹேமலதா.

"இருக்குதும்மா. வெயில்ல பூ சிறுத்துப்போகும், அவ்வளவுதான். போன வருஷம் காட்பாடியில நான் வச்ச செண்டுமல்லியை ஒரு கட்டெறும்பு தலையில வச்சிக்கினு கல்யாணத்துக்குப் போச்சு."

"நீங்க மொய் வச்சீங்களா?" என்று கேட்டார், வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்த மாடிவீட்டு இலியாஸ் பாய்.

"பத்திரிகை வரலை பாய்."

"தண்டு மட்டும் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டு கிடக்கே?" என்றார் ஹேமலதா.

"இதெல்லாம் ஒரு நீளமா? ஆற்காட்டுல ஒரு சால்வியா வெயில் தாங்காம நீண்டு நீண்டு, சன்னல் வழியா டாக்டர் வீட்டு ஏசி அறைக்குள்ள போய்ப் பூத்துச்சு. குளிருதுன்னு டாக்டரம்மா போர்வை குடுத்தாங்க."

இலியாஸ் பாய் சிரிப்பை அடக்கினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் தணிகைவேல்.

"ராணிப்பேட்டையில நடந்தது தெரியுமா? ஒரு பாத்தி ஜினியா மொத்தமா வேரைத் தூக்கிக்கினு ஏலகிரி மலை பஸ் ஏறிடுச்சு. உட்கார இடமில்லைன்னாரு கண்டக்டர். நாங்க பொறந்ததுலேர்ந்து நின்னுக்கினுதான் இருக்கோம்னு சொல்லிச்சாம்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் பாய். "உச்சி வெயில்ல மொட்டைமாடித் தொட்டித் தண்ணியைக் குழாய் போட்டு இதுங்க மேல விட்டீங்களே, அது எதுக்கு? அதுல கை கழுவி எனக்கே கொப்புளம் வந்துடுச்சு."

உண்மை தணிகைவேலுக்குத் தெரியும். காலையில் எழுந்திருக்கச் சோம்பல். அதனால் தினமும் மத்தியானம்தான் தண்ணீர் விட்டார். ஆனால் முகம் மாறவில்லை.

"அது ஒத்தடம் பாய்! செடிக்கு இடுப்புவலி."

ஹேமலதாவின் முகத்தைப் பார்த்தார். ஒத்தடம் அங்கே வேலை செய்யவில்லை. இனி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டியதுதான்.

"இதுங்க சாகலைம்மா. பூவையெல்லாம் உள்ள அடக்கி வச்சிருக்குது. நாளைக்கு நடுவர் காரை விட்டு இறங்கினதும் மொத்தமும் ஒரே நேரத்துல வெடிக்கும். அந்த அதிர்ச்சியில கோட்டை அகழித் தண்ணி எழும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடும். நடுவர் கண்ணு ரெண்டும் மகரந்தத்துல அடைச்சிக்கும். நாமதான் அவர் கையைப் பிடிச்சு மார்க் போட வைக்கணும்."

ஹேமலதா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"செடிக்கு வேற ஆள் சொல்லியாச்சு. நீங்க காலையில வந்து பாத்தி நடுவுல நில்லுங்க."

"நானா? எதுக்கும்மா?"

"இந்த வெயிலுக்கு வாடாம இருக்கிறது இங்கே உங்க வாய் ஒண்ணுதான்."