குமரனின் ஈறுக்கு அஞ்சிய குப்பாண்டியார்

பொதிகை அடிவாரத்தில் வேலங்குன்றம் என்றோர் ஊர். அங்கே ஆடுகளுக்குத் தழை வெட்டிப் போட்டுப் பிழைத்தவர் குப்பாண்டியார். குன்றின்மேல் கோயில் கொண்டிருந்தவர் பாலகுமரர். ஏழு வயதுத் திருமேனி, இதழ் சற்றே விரிந்து முன்பல் இரண்டு தெரியும் புன்முறுவல். பள்ளியெழுச்சி முடிந்ததும் அவருக்குப் பல்குச்சி காட்டி, வாய் கொப்பளிக்க நீர் வார்த்து, வெள்ளைத் துணியால் துடைப்பது அந்தக் கோயிலின் வழக்கம். அந்தக் குச்சியைக் கொண்டுவந்து கொடுப்பதே குப்பாண்டியாரின் திருத்தொண்டு.

ஏதோ ஒரு குச்சியை ஒடித்து நீட்டிவிட்டுப் போகிறவர் அல்லர் அவர். விடியுமுன் இளங் கருவேலங்கொம்பாகத் தேர்ந்து, முள் சீவி, நுனியைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் நார்நாராகத் தட்டுவார். வெதுவெதுப்பான நீரில் ஊறப் போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த நுனியை இமைமேல் மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். இமைக்கு உறுத்துவது ஈறுக்கும் உறுத்தும் என்பது அவர் எண்ணம். உறுத்தினால் மறுபடியும் தட்டல். தேறிய குச்சியைக் கழுவி எடுத்துக்கொள்வார். கூடவே, கடுக்காயும் படிகாரமும் இட்டுக் காய்ச்சி வடித்த நீர் ஒரு மண்கலயத்தில்.

இந்த அக்கறை அவருக்கு வலியிலிருந்து வந்தது. இருபது வருடமாக அவருக்கு ஈறு வீக்கம். கூழைக்கூட ஒரு கன்னத்தில் ஒதுக்கித்தான் விழுங்குவார். கடுக்காய் நீர் வலியை அடக்கும், அடியோடு போக்காது. "எனக்கே இப்படி நோவுதே, பால்பல்லு விழுற வயசுப் புள்ளைக்கு எப்படி நோவும்" என்பார். ஊர் சிரிக்கும்.

"என்ன வே, சாமிக்குப் பல்லு ஆடுதோ?" என்று தண்ணீர்த் துறையில் கேட்பார்கள்.

"ஆடாம இருக்கத்தான் பாத்துக்கிடுதேன்" என்பார் அவர்.

கோயில் தர்மகர்த்தா செண்பகக் கிழார். அவருடைய பட்டங்களைக் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் கற்பூரம் அணைந்துவிடும் என்பதால், கற்பூரத்தைத்தான் காக்க வைத்தார்கள். அவர் தமது அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டுப் பாலகுமரருக்குத் தங்கத்தில் பல்குச்சி ஒன்று செய்வித்தார். பிடியில் யாளி முகம்; நுனியில் வரிசையாகக் கூர்மொட்டுகள்; நடுவில், தூரத்திலிருந்தும் படிக்க வசதியாக, அவர் பெயர்.

அதைச் சபையில் காட்டியபோது குப்பாண்டியாரின் முகம் வெளிறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

"எசமான், இது கூரா இருக்கு. புள்ளைக்கு ஈறு கிழிஞ்சிரும்."

"கல்லுக்கு ஈறு ஏதுலே?"

"கல்லுன்னா குச்சி எதுக்கு எசமான்?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். கிழாருக்கு அது போதும். "இவன் கொடிமரத்தைத் தாண்டிக் கால் வெச்சா, குச்சி தட்டுற கையை வெட்டிப் போடுங்க" என்றார்.

தங்கக் குச்சிக்குக் கிருத்திகையன்று நாள் குறித்தார்கள். அதுவரை மூன்று நாள் இருந்தது. தம் கையைப் பற்றி அடியார் நினைக்கவில்லை. அந்தக் கூர்தான் கண்ணுக்குள் நின்றது. விடியலில் வழக்கம்போலக் குச்சி தட்டி, கலயத்தோடு கொடிமரத்துக்கு இப்பால் வந்து நிற்பார். பூசை முடிந்ததும் திரும்பிப் போவார். "யாருக்குடே இது, ஆட்டுக்கா?" என்று காவலர் கேட்டார்.

கிருத்திகை வந்தது. மேளம் முழங்க, உமாபதி குருக்கள் தங்கக் குச்சியைத் திருவாயில் வைத்து எடுத்து, நீர் வார்த்து, துடைத்தார். துணி சிவந்திருந்தது.

"குங்குமம் பட்டிருக்கும். நல்லாத் தொடையும்" என்றார் கிழார்.

குருக்கள் துடைத்தார். இன்னும் சிவந்தது. வேறு துணி எடுத்தார். அதுவும் நனைந்தது. இதழோரத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு மோவாய்க்கு இறங்கி மார்புச் சந்தனத்தில் ஊறியது. மேளம் தானாக நின்றது.

கிழாரின் வைத்தியரை முன்னே தள்ளினார்கள். அவர் பழக்கதோஷத்தில் திருமேனியின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, "நாடி பித்தத்துல ஓடுது. முத்துப் பஸ்பம் ஒரு மண்டலம் கொடுக்கணும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கருவறையில் இரத்தம் சிந்தினால் கோயிலை அடைக்க வேண்டும்; அடைத்தால் அரசர் காரணம் கேட்பார்; காரணத்தின்மேல் பெயர் பொறித்திருந்தது. கிழார் தங்கக் குச்சியை மெல்ல உத்தரீயத்தில் சுற்றினார்.

குருக்கள் யாரையும் கேட்கவில்லை. கொடிமரத்துக்கு ஓடினார், கிழாரும் பின்னாலேயே வந்தார்.

"குப்பாண்டி, குழந்தைக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்கறது. வாரும்."

காவலர் வாளை உருவிக் கிழாரின் முகத்தைப் பார்த்தார். கிழார் உத்தரீயச் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கையைப் பொறவு எடுத்துக்கிடுங்க எசமான். இப்ப அது வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடியார் வாளைக் கடந்து போனார்.

கருவறை வாசலில் நின்று கலயத்தை நீட்டினார். "இது உம்ம கைக்குத்தான் தெரியும். நீரே செய்யும்" என்றார் குருக்கள். அந்தப் படியை அடியார் குலத்தில் ஒருவரும் மிதித்ததில்லை. குப்பாண்டியார் மிதித்தார். பஞ்சைக் கடுக்காய் நீரில் நனைத்து, எங்கே தொட்டால் உயிர் போகும் என்று இருபது வருடம் கற்றிருந்த விரலால், அங்கே படாமல் ஒற்றினார்.

"கொஞ்சம் எரியும் ராசா. துப்பிரக் கூடாது. நான் இருக்கேம்லா."

பஞ்சு சிவந்தது. மாற்றினார். அடுத்தது இளஞ்சிவப்பாக வந்தது. அதற்கடுத்தது வெள்ளையாகவே வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"எரியுதா?" என்றார், கேட்பது யாரை என்ற நினைவே இல்லாமல்.

"எரியல" என்றது ஒரு குழந்தைக் குரல்.

குருக்கள் அதைக் கேட்டார். கிழாரோடு பின்னால் வந்திருந்த காவலரும் கேட்டு, வாளைத் தரையில் வைத்தார். கிழார் மட்டும் அது மணியோசை என்று கடைசிவரை சொல்லிவந்தார். ஆனால் மறுநாள் முதல், குப்பாண்டியார் படியேறி வரும்போது எழுந்து நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.

வலிக்கிறது என்று ஆண்டவனிடம் முறையிடப் போவோர் உலகெங்கும் உண்டு. உனக்கு வலிக்கிறதா என்று கேட்கப் போனவர் குப்பாண்டியார். அவர் அடி போற்றுவோம்.