இரண்டு ஒண்டிகள்

மூங்கில் அடர்ந்த காடு ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பாறைக்கு அடியில் தானே தோண்டிய வளை. தனியாகத் தூங்கும். தனியாகக் கிழங்கு தின்னும். யாராவது வந்து பேசினால் ஒரு பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு முள்ளைச் சிலிர்க்கும். ஏன் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அதற்கு அப்படிப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

மழைக்காலம் நெருங்கியது. நரிக்கு அந்த வளைமேல் கண். நரி தனக்கென்று மண்ணைக் கீறியதே கிடையாது. போன மழைக்கு முயலின் வளையில் புகுந்துகொண்டது. முயல் வெளியே நனைந்தது. அதற்கு முந்தின மழைக்கு உடும்பின் பொந்து.

நரி முள்ளம்பன்றிக்கு 'ஒண்டி' என்று பெயர் வைத்தது. ஒண்டியாகத் திரிகிறவன் மனத்தில் வஞ்சம் இருக்கும் என்று கிளப்பிவிட்டது. குரங்குகள் அதைக் கிளைக்குக் கிளை கொண்டுபோயின. விஷயம் காட்டுத் தலைவரான யானையிடம் வந்தது.

"இந்தக் காட்டில் ஒண்டிக்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள், பெரியவரே. வளை பொதுவாகட்டும்" என்றது நரி.

பொது என்றால் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

யானை முள்ளம்பன்றியைப் பார்த்தது. "கூட்டத்தோடு சேர்ந்து இருந்துவிட்டுப் போயேனப்பா. வளை உனக்கே இருக்கும்."

"முடியாது. அந்தத் தீர்ப்பையே சொல்லுங்கள். சொன்னபிறகு மாற்றக் கூடாது."

யானை சொல்லிவிட்டது. நரி வாலை ஆட்டியது.

"நான் ஒண்டி. போகிறேன்" என்றது முள்ளம்பன்றி. "முயலே, போன மழைக்கு நரி உன் வளையில் என்ன செய்தான்?"

முயல் நரியைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "ஒண்டி இருந்தார்."

"என் பொந்திலும் ஒண்டித்தான் இருந்தார்" என்றது உடும்பு.

குரங்குகள் சிரித்தன.

"ஒண்டிக்கு இடமில்லை. உங்கள் தீர்ப்புதான், பெரியவரே" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி நடந்தது. யானை நரியையும் துரத்தியது. காலியான வளையை முயலுக்குக் கொடுத்தது.

காட்டின் எல்லையில் ஓடிய ஓடைக்கு அக்கரையில் முள்ளம்பன்றி புது வளை தோண்டி முடித்தது. மழை கொட்டியது. நரி சொட்டச் சொட்ட வந்து நின்றது.

"அண்ணே, நீயும் ஒண்டி, நானும் ஒண்டி. சேர்ந்து இருப்போமே."

முள்ளம்பன்றி வாசல் பக்கம் முதுகைத் திருப்பி, முள்ளைச் சிலிர்த்தபடி படுத்துக்கொண்டது.

நீதி: ஒண்டியாக இருப்பது குற்றமில்லை, ஒண்டிப் பிழைப்பதுதான் குற்றம்.