ஆளே இல்லாத தீவுல அறுபத்தி மூணு பேரு

பொய்யா? யாரு, நானா பொய் சொல்றேன்? தோ பாரு குழலி, நேத்து சிங்கம் சைக்கிள் ஓட்டுச்சுன்னு சொன்னப்போ வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டேல்ல? தீவுல மனுஷங்க இருக்காங்கன்னா மட்டும் அக்கா பொய் சொல்றேனாக்கும்! எங்க கிளாஸ்லயும் ஒருத்தன், "தீவுல என்ன இருக்கும், தண்ணிதான் இருக்கும்"னான். கேன்டீன்ல வெச்சு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். நீயும் வாங்காத. போர்வைய இழுத்துக்க. "ம்" கொட்டலன்னா நிறுத்திடுவேன், ஆமா.

நடுக்கடல்ல ஒரு தீவு. நண்டுமூக்குத் தீவுன்னு பேரு. நடுவுல ஒரு காடு, சுத்தி தென்னை, பாக்கு. மழை ஆரம்பிச்சா சோ...ன்னு எட்டு மாசம். அங்க மொத்தம் அறுபத்தி மூணு பேரு. ராமநாதபுரத்துல இருந்து போனவங்க, வங்காளத்துக்காரங்க, ராஞ்சிக்காரங்க, எல்லாரும் கலந்து பேசுவாங்க. சண்டை மட்டும் அவங்கவங்க பாஷையில. கேக்குறியா?

ம்.

அங்க இருளாயி, இருளாயின்னு ஒருத்தி. கொப்பரை காயப்போடுறவ. அவ "ஏய்"ன்னா எதிர்த் தீவுல காக்கா பறக்கும். வாரத்துக்கு ஒரு போட் வரும். பூ...ம்! கொப்பரை மூட்டை அதுலதான் போவும், வெங்காயம், அரிசி, மருந்து, எல்லாம் அதுலதான் வரும். அதனால போட் சத்தம் கேட்டா போதும், அடுப்புல சோத்தை அப்படியே விட்டுட்டு ஊரே போட் வந்து நிக்குற ஜெட்டிப் பாலத்துக்கு ஓடிடும். கைக்குழந்தை, கெழவி, நாய் எல்லாம். வீட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது.

அப்போ ஒருநாள், கணக்கெடுக்குற ஆபீசர் ஒருத்தரு போட்ல வந்து எறங்குனாரு. பத்மநாபன்னு பேரு. கையில ஒரு ஃபாரம், அதுல மூணே மூணு கேள்வி. நிலம் எவ்ளோ, ஜனம் எத்தனை, வியாபாரம் என்ன.

அவரு வந்தப்போ கடல் ஏறியிருந்துச்சு. பாதி வயலு தண்ணிக்குள்ள. "நிலம்: இல்லை"ன்னு எழுதினாரு, சர்ருனு. அப்புறம் வீடு வீடா போனாரு. டொக் டொக். யாரையும் காணோம். ஜெட்டியில நின்ன கூட்டத்தை போட்ல வந்த கூட்டம்னு நெனச்சுக்கிட்டாரு, புத்திசாலி! "ஜனம்: இல்லை." அப்புறம் கடை தேடினாரு. அங்க ஏது கடை? மீன் குடுத்தா தேங்கா, தேங்கா குடுத்தா அரிசி. "வியாபாரம்: இல்லை." பூ...ம், ஏறிப் போயிட்டாரு. ஒரு வாய் தண்ணி கேட்டிருந்தாக்கூட அந்த வீட்டுக்காரங்க எங்கன்னு யோசிச்சிருப்பாரு. எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ம்.

ஒரு மாசம் கழிச்சு அவரே திரும்பி வந்தாரு, கையில பசை டப்பா. "ஆளே இல்லாத தீவுக்கு இனிமே போட் கிடையாது. இதுதான் கடைசி"ன்னு நோட்டீசு. அதை ஒட்டுறாரு, பிய்யுது, ஒட்டுறாரு, பிய்யுது. அதுக்குள்ள தண்ணி எறங்க ஆரம்பிச்சுது. போட்டு தரை தட்டுமே! பூ...ம்னு கெளம்பிடுச்சு.

"நில்லு, நில்லு! நான் ஏறணும்!"

"அடுத்த வாரம் வா சார்"னா இருளாயி. "அட, அடுத்த வாரமே கிடையாதுல்ல? நீங்கதான ஒட்டுனீங்க!"

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அப்புறம் அவருக்குப் பசிச்சுது. பிஜோய்னு ஒரு வங்காளத்து மீன்காரரு, அவருகிட்ட ஐநூறு ரூபா நோட்டை நீட்டுனாரு.

"இதை கொழம்புல போட்டா ருசிக்குமா தாதா?"ன்னாரு பிஜோய். தாதான்னா அவங்க பாஷையில அண்ணன். "பத்து தேங்கா உரி, ரெண்டு மீனு எடுத்துக்க."

கரக், முரக்னு பத்து தேங்கா உரிச்சாரு. கை ரெண்டும் செவந்து போச்சு. ஆனா மீனு கெடச்சுது.

மறுநாளு, "நானே போறேன்"னு சின்னப் படகுல ஏறுனாரு. சளப், சளப். படகு சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. பவளப் பாறையில டொம்! கெளம்புன எடத்துக்கே வந்துட்டாரு.

மூணாம் நாளு, போனைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு சிக்னல் தேடிக் கெளம்புனாரு. கடல் நல்லா வத்தியிருந்துச்சு. சேத்துல பொளக், பொளக்னு நடந்து போறாரு. போனையே பாத்துட்டுப் போனா கடல் திரும்ப ஏறுறது எங்க தெரியும்? முட்டி, இடுப்பு... ஐயோன்னு ஒரு அலையாத்தி மரத்துல ஏறிட்டாரு. தூ...ரத்துல ஒரு முதலை, ஆவ்னு கொட்டாவி விட்டுச்சு.

ம்... ம்!

அப்போ கத்துனாரு பாரு, "யாராவது இருக்கீங்களா...!"

தடதடன்னு அறுபத்தி மூணு பேரும் ஓடி வந்துட்டாங்க. பிஜோய் கையில கயிறு. ஆனா இருளாயி மறிச்சுக்கிட்டா.

"சார், கயிறு போட நாங்க ரெடி. ஆனா நாங்கதான் இல்லையே? இல்லாதவங்க எப்படிக் கயிறு போடுறது?"

"இருக்கீங்க, இருக்கீங்க!"

"எத்தனை பேரு?"

"எண்ணுறேன்மா, முதலையைப் பாத்துக்கிட்டே எப்படி எண்ணுறது? ஒண்ணு, ரெண்டு..."

"நிலம் இருக்கா?"

"அதுலதான நிக்குறீங்க!"

"வியாபாரம்?"

"பத்து தேங்காய்க்கு ரெண்டு மீனும்மா! தூக்குங்கம்மா!"

ஏலேலோ ஐலசான்னு இழுத்துப் போட்டாங்க. காலு பூரா சேறு. அப்படியே ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு வயர்லெஸ் பெட்டி, அப்படி ஒண்ணு இருக்கான்னு அவரு அதுவரைக்கும் யாரையும் கேக்கவேயில்ல. கரகரன்னு ஊருக்கே கேக்கும். ஆபீசரு அதைப் புடிச்சு, "நண்டுமூக்குத் தீவுல இருந்து பேசுறேன், உடனே போட் அனுப்புங்க"ன்னாரு.

அந்தப் பக்கத்துல இருந்து குரல் வந்துச்சு. "நண்டுமூக்கா? அங்க மனுஷனே இல்லைன்னு எழுத்துல இருக்கே. கையெழுத்தும் இருக்கு. அப்ப பேசுறது யாரு?"

ஆபீசரு மெதுவா வாயைக் குவிச்சு, பெட்டிக்குப் பக்கத்துல போயி, குசுகுசுன்னு என்னமோ சொல்லப் பாத்தாரு. விடுவாளா இருளாயி?

"குசுகுசுன்னு வேண்டாம் சார். ஊரு பூரா நின்னுட்டிருக்கு. யாரு எழுதுனது, என்ன தப்பா எழுதுனீங்க, இங்க எத்தனை பேரு இருக்கோம்... எல்லாருக்கும் கேக்குற மாதிரி, சத்தமா பதில் சொல்லுங்க!"

சொன்னாரு. வெங்காயத்தோட போட்டும் வந்துச்சு. கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.