பற்று ஆறு

மலையடிவாரத்து மடத்தில் பாடம் சொன்னவர் அருளம்மை. துறவு ஏற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது, வயது நாற்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் எல்லோருக்கும் மூத்தவர் சிங்காரவேலர். அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்ததும் இந்த மடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு விஷக்காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் வந்தார்.

காது கேட்காது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மற்றவர்கள் தலையாட்டியபோது தலையாட்டினார். அவர்கள் சிரித்தபோது சிரித்தார், ஒரு நொடி தாமதமாக.

மூன்றாவது வாரம் அருளம்மை அவரைத் தனியே அழைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "எவ்வளவு நாளாக?"

சிங்காரவேலர் தலை குனிந்தார்.

"இரண்டு வருடமாக, அம்மா. நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன். பையைக் கட்டிவிட்டேன்."

"காதுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ள முடியாதா?" என்று அருளம்மை மறுபடி எழுதிக் காட்டினார்.

"பயன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஒரு டேப்லெட் வாங்கித் தந்தாள். எதிரில் இருப்பவர் பேசுவது அதில் எழுத்தாக வரும். ஆனால் அதை வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டுமே."

மடத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. செல்போனோ வேறு எதுவோ, வாசலில் இருக்கும் மரப்பெட்டியோடு சரி. பாட மண்டபத்துக்குள் வரக்கூடாது. விதியைப் போட்டவர் அருளம்மைதான்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். பெட்டியைத் திறந்து டேப்லெட்டை எடுத்துவந்து சிங்காரவேலரின் கையில் வைத்தார். பிறகு தாளில் எழுதினார்.

"பையை அவிழ்த்துவிடுங்கள், ஐயா."

மறுநாள் சிங்காரவேலர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் முதல் வரி வந்தது. "அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புழுக்கமாக இருக்கிறது."

அது பாடம் இல்லை. வேறு யாருக்கோ சொன்னது. ஆனால் ஓர் அறையில் வேறு யாருக்கோ சொன்ன பேச்சு அவருக்குத் தெரியவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்லெட்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று முதல் ஒரு சொல் விடாமல் வாசித்தார். இரவில் அறைக்குப் போய் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாகலிங்கம் என்ற சீடருக்கு இது பிடிக்கவில்லை. கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், எதையும் நேராகக் கேட்டுவிடுவார்.

"அம்மா, பாடம் நடக்கும்போது அவர் உங்களைப் பார்ப்பதே இல்லை. திரையையே பார்க்கிறார். படிப்புக்குக் கருவி நல்லதா, கெட்டதா?"

"பார்ப்போம்" என்றார் அருளம்மை.

ஒரு புதன்கிழமை பாடம் மிகவும் சுருக்கமாக முடிந்தது. "பற்று அறு. அதுதான் முதல் படி. போய் அதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அருளம்மை எழுந்துவிட்டார்.

எட்டு நாள் கழித்து, பாடம் தொடங்கும் முன் சிங்காரவேலர் எழுந்து நின்றார்.

"அம்மா, ஐந்துதான் கிடைத்தது. ஆறாவது எது என்று தெரியவில்லை."

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அருளம்மை, "ஐந்தையும் சொல்லுங்கள்" என்றார்.

சிங்காரவேலர் நோட்டைப் பிரித்தார்.

"வீடு. மகள். இறந்துபோன என் மனைவியின் மூக்குக் கண்ணாடி, அதைப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். நாலாவது, தெருவில் போகும்போது பழைய மாணவர்கள் 'வணக்கம் சார்' என்று சொல்ல வேண்டும் என்ற எண்ணம். ஐந்தாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகிவிட்டது. என் தம்பி மேல் இருந்த கோபம். பதினோரு வருடம் அவனோடு பேசவில்லை. அதையும் பற்று என்றுதான் சொல்ல வேண்டும் என்று திங்கட்கிழமை தோன்றியது. அன்றைக்கே அவனுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்."

நாகலிங்கம் எழுந்தார். "ஐயா, அம்மா சொன்னது ஆறு இல்லை, அறு."

திரையில் வந்தது இது: "ஐயா, அம்மா சொன்னது ஆறு இல்லை, ஆறு."

சிங்காரவேலர் விழித்தார். நாகலிங்கம் அருகில் வந்து நோட்டை வாங்கி 'அறு' என்று பெரிதாக எழுதிக் காட்டினார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சிங்காரவேலருக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது.

அவர் டேப்லெட்டை அணைத்து ஓரமாக வைத்தார்.

"இதை நம்பி எட்டு நாள் ஏமாந்திருக்கிறேன், அம்மா. ஒரு குறில் நெடிலாகிவிட்டது. நானும் யாரிடமும் கேட்கவில்லை. இது மறுபடி வாசல் பெட்டிக்கே போகட்டும்."

அருளம்மை இறங்கி வந்தார். டேப்லெட்டை எடுத்து, அதை உயிர்ப்பித்து, அவருடைய மடியில் வைத்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் அன்றைக்குச் சொன்னது யார் யாருக்குச் சரியாகக் கேட்டது?"

முப்பது கைகள் உயர்ந்தன.

"அறுத்தவர்கள் மட்டும் கையைத் தூக்கி வைத்திருங்கள்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாகலிங்கத்தின் கை கடைசியாக இறங்கியது.

அருளம்மை சிங்காரவேலர் பக்கம் திரும்பினார். "தேடுங்கள், ஐயா. ஆறோடு நிற்குமா என்று எனக்கும் தெரியவில்லை."

திரையில் அது பிழையில்லாமல் வந்தது. சிங்காரவேலர் ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்தார். இந்த முறை நிமிர்ந்து அருளம்மையின் முகத்தையும் பார்த்தார்.

"அப்படியென்றால் கருவி தப்பாக எழுதியது நல்லது என்கிறீர்களா?" என்றார் நாகலிங்கம்.

"தப்பு தப்புதான். இன்னொரு நாள் இதே தப்பு இவரைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளிவிடும்."

சொல்லிவிட்டு அருளம்மை தான் உட்காரும் பலகையைத் தூக்கிவந்து முதல் வரிசையில் சிங்காரவேலருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரை இருவருக்கும் தெரிந்தது. ஒரு வாக்கியம் சொல்வார். எழுத்து வரும் வரை பொறுப்பார். தப்பாக வந்தால் விரலால் தொட்டுக் காட்டி, நோட்டில் திருத்தி எழுதுவார். பிறகுதான் அடுத்த வாக்கியம். சிங்காரவேலருக்குக் கை தானாகக் குவிந்தது. குவித்த கையோடு எழுத முடியாமல் சிரமப்பட்டார்.

நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் நாகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இவர் ஒருவருக்காகப் பாடத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே."

அருளம்மை திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பன்னிரண்டு வருடமாகப் பாடம் சொல்கிறேன், நாகலிங்கம். நான் சொன்னது எதிரில் இருப்பவருக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை இப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறேன். உங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?"