பல்லைக் காட்டாத அல்லிமுத்து

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. ஊர்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்னு அவருக்கு ஆசை. நல்ல ஆசைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதை எதை வெச்சு அளந்தாரு தெரியுமா? பல்லை வெச்சு! தினம் காலையில பல்லு மணியக்காரர் தெருத்தெருவா வருவாரு. எல்லாரும் ஈஈஈன்னு காட்டணும். பல்லு தெரியலேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டே கிளம்பிடணும். பல்வலிக்காரனும் ஈஈ, எழவு வீட்டுலயும் ஈஈ. இது என்ன நியாயம், நீயே சொல்லு?

"ம்."

அப்போ கடலோரத்துல அல்லிமுத்துன்னு ஒருத்தி, வலைக்குச் சிக்கெடுக்கறவ. வேலையில உக்காந்தான்னா புருவம் நெரிஞ்சு, உதடு இறுகி, மூஞ்சி கடுகடுன்னு இருக்கும். உள்ளுக்குள்ள ஒரு குறையும் கிடையாது. மணியக்காரர் வந்து டொக் டொக்னு தடியைத் தட்டினாரு.

"ஏ புள்ள, பல்லைக் காட்டு!"

"வேலையா இருக்கேன், மணியக்காரரே."

"அப்போ நீ சந்தோஷமா இல்ல."

"இருக்கேனே."

"தெரியலியே?"

"உமக்குத் தெரியலேன்னா எனக்கு இல்லேன்னு ஆயிடுமா?"

மணியக்காரருக்குத் தலை சுத்திடுச்சு. ஆனாலும் சட்டமாச்சே! சாயங்காலத்துக்குள்ள சிரி, இல்லேன்னா கிளம்புன்னுட்டாரு. அல்லிமுத்து கடலைத் திரும்பிப் பாத்தா. இந்தக் கடலை விட்டு எங்க போவா? ஆனா பொய்யா இளிக்க மட்டும் வாய் வரல.

அப்புறம் அவளைச் சிரிக்க வெக்கறதுக்கு மணியக்காரர் ஒரு தட்டு லட்டு கொண்டாந்தாரு. முதல் லட்டு, ஆஹா! அடுத்தது, ம்ம். அதுக்கடுத்தது, ஏவ்வ்! "இன்னொண்ணு திணிச்சீர்னா உம்ம மேலயே வாந்தி எடுப்பேன்!"

அப்புறம் மயிலிறகை எடுத்து விலாவுல குறுகுறுன்னு விட்டாரு. கிக்கிக்கின்னு சிரிச்சுட்டா.

"தெரிஞ்சுது பல்லு! தப்பிச்சே, போ!"

வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கலாம்ல? மாட்டாளே! "சிரிச்சது என் விலா, மணியக்காரரே. அதுல என்னைச் சேர்க்காதீரு."

"ம்..."

அப்போ ராஜாவே பல்லக்குல வந்து இறங்கினாரு. "வேலைதான் இவளைப் படுத்துது. பட்டு மெத்தையில சும்மா உக்காரட்டும்!"னு வலையை வெடுக்குன்னு இழுத்தாரு. சரசரசர... தொப்! வலை அவர் தலை மேலயே விழுந்து கிரீடம், கடுக்கன், மீசை எல்லாம் மாட்டிக்கிச்சு.

"அசையாதீங்க ராஜா! விடிஞ்சா எங்கக்கா இந்த வலையோட கடலுக்குப் போகணும். அந்த நுனியைப் பிடிங்க. ஐயோ, அது இல்ல, அந்த நுனி!"

ராஜா பிடிச்சாரு. ஒரு முடிச்சு அவிழ்ந்துச்சு. அட! அப்புறம் இன்னொண்ணு. கடுக்கன் வந்துடுச்சு, மீசை வந்துடுச்சு, ராஜா மட்டும் எந்திரிக்கல. நாக்கை ஓரமா துருத்திக்கிட்டு, புருவத்தை நெரிச்சுக்கிட்டு, அடுத்த முடிச்சு, அடுத்த முடிச்சு. கிரீடம் மணல்ல உருண்டு கிடக்கு, அதுகூடத் தெரியல.

பொழுது சாஞ்சுது. டொக் டொக்.

"அல்லிமுத்து, பல்லு தெரியல. கிளம்பு!" சொல்லிட்டு மணியக்காரர் பக்கத்துல பாத்தாரு. "மகாராஜா... உங்களுக்கும் தெரியல. சட்டப்படி நீங்களும்..."

"ஷ்ஷ்! சும்மா இருய்யா! இப்பதான் மனசு நல்லா இருக்கு!"

சொன்ன வாயை ராஜாவே பொத்திக்கிட்டாரு.

"தெரியலியே ராஜா?"ன்னா அல்லிமுத்து.

ராஜா அவளை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம், "மணியக்காரரே, அந்தச் சட்டம் இன்னையோட சரி. தடியைக் கீழ போட்டுட்டு நீரும் ஒரு நுனியைப் பிடியும்!"னாரு. விடியறதுக்குள்ள வலை கடலுக்குப் போயிடுச்சு. அல்லிமுத்து அங்கயேதான் இருக்கா.

சிக்கு எடுத்தாச்சு, கதையும் அவிழ்ந்தாச்சு. நீ என்னடி, புருவத்தை நெரிச்சுக்கிட்டே கண்ணை மூடிட்ட? அப்படியே தூங்கு. உன் பல்லைப் பாக்க இங்க யாரும் வரப்போறதில்ல.